இரண்டு கிலோ முந்நூற்று ஐம்பது கிராம்

1964 டிசம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை மணி ஐந்து நாற்பது. மைசூரில் கடும்பனி. எதிர் வரிசை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்பது வீடுகள். அவற்றில் நான்கின் ஓடுகள் மட்டும் தெரிந்தன. காற்று இல்லை. அந்த நேரத்தில்தான் சித்தப்பா உப்பில் ஊறிய பன்றிக் காலை அண்டாவில் இறக்கினார். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பத்து வயது. காவலுக்கு உட்கார வைக்கப்பட்டவன் என்பது எனக்குத் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும்.

இதை என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். எழுபதைத் தாண்டியபின் நமக்கு நேற்றுச் சாப்பிட்ட மாத்திரை மறந்துபோகிறது, அறுபது வருடத்துக்கு முந்தைய எடை கிராம் சுத்தமாக நினைவிருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று நம்புகிறேன். இல்லையென்றால் எனக்கு மட்டும் ஏதோ கோளாறு.

அப்பா ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம். ஏற்றும்போது ஒரு எடை, இறக்கும்போது ஒரு எடை. இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்து. இறக்கும்போது குறைந்தால் வழியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வெற்றிலைக் கூடைக்கும் மீன் பெட்டிக்கும் வழியில் காய்ந்து எடை குறைவதற்காகக் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. மற்ற எதற்கும் கிடையாது. அப்பா இந்தச் சட்டத்தை மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தில் கழற்றி வைத்துவிட்டு வருபவர் அல்ல. பால்காரர் போன பிறகு பாலில் விரல் விட்டுப் பார்ப்பார். சலவைக்காரர் கொண்டுவந்த துணியை இரண்டு முறை எண்ணுவார். மூன்றாவது முறை நான் எண்ணுவேன். அப்படித்தான் எனக்கு எண்ணும் பழக்கம் வந்தது.

அவருடைய தம்பிதான் சித்தப்பா. குடகில் ஒரு காபித் தோட்டத் துரையின் பங்களாவில் ஐந்து வருடம் சமையல் உதவியாளாக இருந்தவர். துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறியதும், ஜூன் மாதத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடும், இடுப்புயரத்துக்கு ஒரு பீங்கான் ஜாடியோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜாடியின் மேல்பாதி தேன் நிறம், கீழ்ப்பாதி வெள்ளை. விறகு அறையில் ஜாடிக்கு ஒரு மூலை, அவருக்கு ஒரு மூலை.

நவம்பரில் எனக்குத் தம்பி பிறந்தான். ஞானஸ்நானத்துக்கு அப்பாவின் மேலதிகாரியான இன்ஸ்பெக்டரே ஞானத்தகப்பனாக நிற்கச் சம்மதித்தார். ஆங்கிலோ இந்தியர், பெரிய மனிதர், வலது கையில் மூன்று மோதிரங்கள். அவருக்கு ஹாம் என்றால், அதாவது உப்பில் ஊறவைத்து வேகவைத்த பன்றித் தொடை என்றால், உயிர் என்று அலுவலகத்தில் பேச்சு.

"ஹாமா? அது நம்ம வீட்டுல எப்படிங்க ஆகும்?" என்றாள் அம்மா. நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் திருச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். கோழி, ஆடு, பண்டிகைக்குப் பன்றிக்கறி வறுவல். அதற்கு மேல் போனதில்லை.

"நான் பண்றேன் அண்ணி" என்றார் சித்தப்பா. "பங்களாவுல வருசத்துக்கு ரெண்டு கால் நான்தான் போடுவேன். மூணு வாரம் முன்னாடி கால் வேணும், அவ்வளவுதான்."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி ஒரு வாக்குக் கொடுத்தார்.

"ரயில்வே கேன்டீன்ல ஒரு ஆள் எடுக்கறாங்க. சார் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. விருந்து நல்லபடியா நடக்கட்டும், 'இவன் என் தம்பி சார், இவன்தான் சமைச்சான்'னு நானே சொல்றேன்."

சித்தப்பாவுக்கு அந்த வேலை கிடைத்தால் கல்யாணமும் நடக்கும். மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தாள். கொள்ளேகாலுக்கு அப்பால் கௌதள்ளியிலிருந்து வந்த தமிழ்ப் பெண். "முதல்ல சம்பளம், அப்புறம் சம்சாரம்" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். ஆகவே அந்த டிசம்பரில் சித்தப்பாவின் வாழ்க்கை முழுவதும் ஒரு பன்றிக் காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கால் எட்டாம் தேதி வந்தது. அன்று அப்பா பார்சல் ஆபீஸ் ஸ்பிரிங் தராசை மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கதவு நிலையில் ஆணி அடித்து, தராசை மாட்டி, காலைத் தொங்கவிட்டோம். ஆறு கிலோ நானூறு. அப்பா படித்தார், நான் படித்தேன், சித்தப்பாவையும் படிக்கச் சொன்னார். பார்சலுக்குக் கட்டும் சீட்டில் எடையைக் அழிக்க முடியாத காப்பிங் பென்சிலால் எழுதிக் கணுக்காலில் கட்டினார்.

"அண்ணே, இது எந்த ஊருக்குப் போகுது?" என்று சித்தப்பா சிரித்தார்.

"போகாம இருக்கத்தான் சீட்டு" என்றார் அப்பா. சிரிக்கவில்லை.

அந்தத் தராசு அதன் பிறகு அலுவலகத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. இருபது வருடம் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. அதை அப்போது யாரும் குறையாக எழுதவில்லை.

காலை ஜாடியில் போடுவதற்கு முன்னால் சீட்டை அவிழ்த்து ஜாடியின் காதில் கட்டினார்கள். கல்லுப்பு, வெல்லம், கிராம்பு, ஒரு சிட்டிகை வெடியுப்பு. வெடியுப்பைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சந்தேகம்.

"பட்டாசு மருந்தைச் சாப்பாட்டுல போடறாரு. சாருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அது போட்டாத்தான் அண்ணி ரோஸ் கலர் வரும். இல்லாட்டி செத்த எலி கலர்ல இருக்கும்."

பதினெட்டு நாள் ஊறியது. சித்தப்பா தினமும் காலையும் மாலையும் சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டு, ஜாடிக்குள் கையைவிட்டுக் காலைத் திருப்பிப் போடுவார். கை வெளியே வரும்போது விரல்நுனிகள் ஊறிச் சுருங்கியிருக்கும். ஜாடிக்குள்ளிருந்து மழை பெய்த இரும்பைப் போல ஒரு வாசனை வரும். கூடவே கிராம்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் இன்றும் அந்த வாசனையைத் தேடுகிறேன். இப்போது யார் வீட்டிலும் விறகு அறை இல்லை.

அப்பா எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். சித்தப்பா எத்தனை மணிக்கு வெளியே போகிறார், எத்தனை மணிக்கு வருகிறார், கையில் என்ன. பதினெட்டு மாலைகளில் பதினொன்றில் சித்தப்பா ஆஸ்பத்திரிப் பக்கம் போனார். எட்டு தடவை வெறுங்கை. மூன்று தடவை துண்டில் ஏதோ சுற்றியிருந்தது. "ஏதோ" என்றே எழுதினேன். ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்தேன், கொய்யாப்பழம். நோட்டைத் திருத்தவில்லை. அப்பா "ஏதோ" என்ற சொல்லின் கீழே கோடு போட்டிருந்ததில் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தண்ணீர் கொதிக்கக் கூடாது, முணுமுணுக்க வேண்டும் என்றார் சித்தப்பா. ஐந்து நாற்பதிலிருந்து பத்து மணிவரை அடுப்பில் விறகைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தார். பனி விலகி வெயில் ஏறியது. அண்டாவின் மேல் இரண்டு விரல் கனத்துக்குக் கொழுப்பு மிதந்தது. அம்மா அதைக் கரண்டியால் வழித்து ஒரு தகரத்தில் ஊற்றி, "விளக்குக்கு ஆகும்" என்றாள். அந்தத் தகரத்தை நிறுத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்தே முக்காலுக்குச் சித்தப்பா தோலை உரித்தார். ஒரே இழுப்பில், கையுறை கழற்றுவது போல வந்தது. பிறகு ரொட்டி வாங்கச் சைக்கிளில் போனார். ரொட்டிக் கடைக்குப் போக ஆறு நிமிடம், வர ஆறு நிமிடம். அவர் வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்கு அப்பா காலை மறுபடி தராசில் மாட்டினார். உரித்த தோலையும் துணியில் கட்டிச் சேர்த்தே மாட்டினார். அநியாயம் செய்யக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு.

நான்கு கிலோ ஐம்பது.

அப்பா தராசைத் தட்டிப் பார்த்தார். முள் அசைந்து அதே இடத்தில் நின்றது.

"எவ்வளவுடா குறையுது?"

நான்தான் சொன்னேன். வாய்க்கணக்கில், உடனே, வகுப்பில் முதலில் கை தூக்குகிறவனைப் போலச் சொன்னேன். "ரெண்டு கிலோ முந்நூத்தி அம்பது."

"அண்ணே, அது தண்ணி" என்றார் சித்தப்பா. "உப்புல கொஞ்சம் விடும், வேகறப்ப மீதி விடும். எந்தக் கறியும் அப்படித்தான்."

"மீன் பெட்டிக்கே நூத்துக்கு எட்டு கிலோதான் தள்ளுபடி. உனக்கு அரை கிலோ தள்ளிட்டேன். மீதி ஒண்ணே முக்காலே சொச்சம் தண்ணியா? தண்ணிக்குக் கால் முளைச்சு ஆஸ்பத்திரிக்குப் போச்சா?"

"அண்ணே…"

"ரொட்டிக் கடைக்கு முப்பத்தஞ்சு நிமிஷம். டேய், எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்ப்பா."

"மூணு நாள் துண்டுல சுத்தி என்னடா போச்சு?"

"கொய்யாக்கா அண்ணே!"

இங்கே நான் வாயைத் திறந்திருக்கலாம். கொய்யாவைத் தொட்டுப் பார்த்தவன் நான் ஒருவன்தான். திறக்கவில்லை. நோட்டு தவறு என்று ஆகிவிடுமே என்ற பயம்.

அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "நல்ல நாளும் அதுவுமா ஏங்க கறிக்குச் சண்டை போடறீங்க? உங்க தம்பி கேட்டா நாமளே தட்டுல போட மாட்டோமா?"

அப்பா சுவரிலிருந்த மரச்சிலுவையை எடுத்து வந்தார். தராசுக்குக் கீழே நீட்டினார்.

"இதுமேல கை வெச்சு, இந்தக் கால்ல ஒரு துண்டுகூட வாசலைத் தாண்டலைன்னு சொல்லு. நான் நம்பறேன். தராசைத் தூக்கிப் போட்டுடறேன்."

சித்தப்பா கையை நீட்டினார். சிலுவைக்கு நான்கு விரற்கடை தூரத்தில் கை நின்றது. ஊறிச் சுருங்கிய விரல்கள். அப்படியே மடக்கிப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது. எனக்கும்தான்.

ஆனாலும் அவர் விருந்தை விட்டுவிட்டுப் போகவில்லை. மாலை ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்கும் வரவில்லை, வேலையைத்தான் பார்த்தார். கொழுப்பின் மேல் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்தினார். அறுபத்து நான்கு கிராம்பு. வெல்லத்தைப் பூசி, இரும்புக் கரண்டியைத் தணலில் செக்கச் சிவக்கக் காய்ச்சி மேலாகப் பிடித்தார். வெல்லம் சீறிக் கருகிய அந்த வாசனையில் எதிர் வரிசையிலும் ஜன்னல்கள் திறந்தன.

ஏழு மணிக்கு விருந்து. பதினான்கு பேர். இன்ஸ்பெக்டர் முதல் துண்டை முள்கரண்டியில் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "வொய் பிங்க்? வெந்துச்சா மேன்?" என்று சந்தேகமாகக் கேட்டார். சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நான் எண்ணியவரையில் ஏழு துண்டு சாப்பிட்டார்.

"மை காட். இது மாதிரி நான் ஜாலார்பேட்டையில எங்கம்மா கையில சாப்பிட்டது. யார் மேன் குக்?"

சித்தப்பா கதவுக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தார். அப்பாவுக்கு மூன்று அடி தூரம். அம்மா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"வெளியாள் சார். இன்னிக்கு மட்டும் கூலிக்குக் கூப்பிட்டேன்."

சித்தப்பா தட்டை மேசையில் வைத்தார். சத்தம் வரவில்லை, மெதுவாகத்தான் வைத்தார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்து, "குட், குட்" என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்தார்.

மறுநாள் நான் எழுந்தபோது விறகு அறையில் டிரங்குப் பெட்டி இல்லை. ஜாடி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. அதில் அம்மா பதினேழு வருடம் அரிசி கொட்டி வைத்தாள். பிறகு வீடு மாறும்போது உடைந்தது.

ஒன்றரை வருடம் கழித்துக் கௌதள்ளியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அந்த நர்ஸைத்தான் கட்டிக்கொண்டார். அப்பா போகவில்லை. "திருட்டுக் கறி சாப்பிட்ட கல்யாணம்" என்றார். அப்பா இறந்தபோது சித்தப்பா வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். சித்தப்பா இறந்தபோது நான் மூன்று வரியில் ஒரு கடிதம் போட்டேன். என்னைக் கேட்டால் அன்றுவரை அவர் திருடினார் என்றுதான் சொல்லியிருப்பேன். கை பின்னால் போனதை நேரில் பார்த்தவன் நான்.

போன வருடம் பேத்தி முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு மருமகள் ஒரு ஹாம் கால் வரவழைத்தாள். கடைக்காரர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால் எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நான்கு கிலோ இருநூற்று ஐம்பது. வெந்தபின் மறுபடி நிறுத்தேன். இரண்டு கிலோ எண்ணூறு.

முதலில் மருமகளைத்தான் பார்த்தேன். உண்மையைச் சொல்லத்தானே எழுதுகிறேன். பிறகு யோசித்தேன். மூன்றரை மணி நேரமும் அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். யாரும் மூடியைக்கூடத் தொடவில்லை.

இங்கே மைசூரிலேயே ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகனிடம் கேட்டேன். "தண்ணிப்பா. மீட்னா நூத்துக்கு எழுபது தண்ணி. சும்னே டென்ஷன் ஆகாதீங்க" என்று பாதிக் கன்னடத்தில், போனைப் பார்த்தபடியே சொன்னான். ஒரு வாக்கியம். அறுபது வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை ஒருவர் எங்கள் வீட்டில் சொன்னார்.

ஒரு தடவை நிறுத்ததை நான் நம்புவதில்லை. நானே ஒரு பச்சைக் கால் வாங்கினேன். மூன்று கிலோ இருநூறு. சித்தப்பா போட்டதையெல்லாம் போட்டு, பதினெட்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்துத் திருப்பினேன். "தயிர் வைக்க இடமில்லை மாமா" என்று மருமகள் தினமும் ஒருமுறை சொன்னாள். வெந்தபின் இரண்டு கிலோ நூறு. இரண்டு சோதனையிலும் நூற்றுக்கு முப்பத்து நான்கு சொச்சம் குறைந்தது. சித்தப்பாவின் காலில் குறைந்தது முப்பத்தாறே முக்கால். வித்தியாசம் இரண்டரை. ஆறு கிலோ நானூறில் அது நூற்று அறுபது கிராம்.

அந்த நூற்று அறுபது என்னைத் தூங்கவிடவில்லை. கொள்ளேகாலில் பஸ் மாறி, ஹாமை ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு, சித்தப்பாவின் மனைவியைப் பார்க்கக் கௌதள்ளிக்குப் போனேன்.

அந்தப் பஸ் மாதேஸ்வரன் மலைச் சிவன் கோயிலுக்குப் போகிற பஸ் என்பதை ஏறிய பிறகுதான் யோசித்தேன். ஐம்பத்திரண்டு பேர், விபூதி பூசாத நெற்றி என்னுடையது ஒன்றுதான். மடியில் பன்றிக்கறி. மூடியைச் சுற்றித் துண்டை இறுக்கினேன். பக்கத்திலிருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சி, "கிராம்பு வாசனை வருது. சாமிக்குப் பிரசாதமா?" என்று கன்னடத்தில் கேட்டாள். "இல்லம்மா, எங்க சித்திக்கு" என்றேன். நான் இறங்கும்வரை அவள் என் டப்பாவையே பார்த்தாள்.

சித்திக்கு எண்பத்து மூன்று. சாலையோரம் ஒரே அறை, முன்னால் பூட்டிய கடை. சித்தப்பா முப்பது வருடம் அங்கே மலைக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்றாராம்.

"அவுங்க அண்ணன் பையனா? வாங்க கண்ணு, உக்காருங்க" என்றாள். டப்பாவைத் திறந்து காட்டினேன். நிறத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். ஒரு துண்டைப் பிய்த்து, பல் இல்லாத வாயில் வெகுநேரம் வைத்திருந்தாள்.

"உப்பு தூக்கலா இருக்குதுங்க. அவுங்க கொண்டாந்தது இத்தன உப்பு இல்ல."

"கொண்டுவந்தாரா?"

"ஆமாங்க. அன்னிக்கு ரொட்டி வாங்க வந்தவரு, ஆஸ்பத்திரிக் கேட்டுல நின்னு எலையில மடிச்சுக் குடுத்தாரு. 'பெரிய அதிகாரி சாப்பிடறது, உப்பு சரியா இருக்குதான்னு சொல்லு'ன்னாரு. என்ர கையளவு இருக்கும். அதுக்குத்தான் சத்தியம் பண்ண முடியாமப் போயிருச்சு. ஒரு துண்டுன்னாலும் துண்டுதானுங்களே. பொய்ச் சத்தியம் வேண்டாம்னு வந்துட்டாரு."

அவள் கையைப் பார்த்தேன். சின்னக் கை. நூற்று அறுபது கிராம்தான் இருக்கும்.

நான் ஒரு காகிதத்தை எடுத்தேன். மூன்று கால்களின் எடையும் சதவீதமும் வரிசையாக எழுதியிருந்தேன். மிச்சம் முழுவதும் தண்ணீர்தான் என்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். கொய்யாப்பழத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இதைச் சொல்லவா கண்ணு இத்தன தூரம் வந்தீங்க?"

"ஆமாம் சித்தி."

"தண்ணின்னு அவருக்குத் தெரியுமுங்க. எனக்கும் தெரியும். தெரியாம இருந்தது உங்க வீட்டுக்குத்தானுங்களே."

காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அதிலேயே மிச்ச ஹாமைப் பக்கத்து வீட்டுக்கு மடித்துக் கொடுத்தனுப்பினாள். டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, எனக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால், உப்பு, வெல்லம், கிராம்பு, கேஸ், டப்பா, சித்திக்கு வாங்கிய ரொட்டி, போகவர பஸ் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து முப்பத்து நான்கு ரூபாய்.